வீட்டு வேலையும் இயந்திரமும் – பகுதி 11: பொதுவில் வைத்த மூளை

சென்ற பகுதியை ரூம்பாவோடு நிறுத்தினோம். 2002 செப்டம்பரில் 199 டாலருக்குக் கடைக்கு வந்த அந்த வட்டத் தட்டு ரோபோ தரையைக் கூட்டியது. வேறு எந்த வேலைக்கும் ஆசைப்படாததுதான் அது பிழைத்ததற்குக் காரணம். அதற்குக் கை கிடையாது. வீட்டு வேலை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கோ கையால் நடப்பது: பாத்திரம் எடுத்து அடுக்குவது, துணி மடிப்பது, இறைந்து கிடப்பதைப் பொறுக்கி வைப்பது, சிந்தியதைத் துடைப்பது. இதையெல்லாம் செய்யும் கை வைத்த ரோபோ ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டால், தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை, ஆனால் எதையும் விளக்காத பதில். 2007 முதல் இன்றுவரை நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. இந்தத் துறை நகர்ந்த ஒவ்வொரு முறையும், அதுவரை ஆளுக்கு ஆள் தனித்தனியாக வைத்திருந்த ஏதோ ஒன்று அதற்குச் சற்று முன் பொதுவுக்கு வந்திருந்தது. அது நின்றுபோன இடங்களில் எல்லாம் ஏதோ ஒன்று பொதுவுக்கு வராமல் கிடந்தது. முதலில் நிரல், அடுத்து உடல், இப்போது தரவு. இந்தப் பகுதி அந்த வாதத்தைச் சான்றுகளோடு சோதித்துப் பார்க்கிறது.

கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், கென்னத் சாலிஸ்பரியின் ஆய்வகத்தில், கீனன் வைரோபெக், எரிக் பெர்கர் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் 2006, 2007 வாக்கில் ஒரு ரோபோவைக் கட்டினார்கள். சக்கரத்தின் மேல் நின்ற அதற்கு இரண்டு கைகள். பெயர் பி.ஆர்.1. தொடக்கப் பணமாக 50,000 டாலரைக் கொடுத்தவர்களில் ஒருவர், ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷ் குழுவில் இருந்த ஜோவன்னா ஹாஃப்மன். இந்த ரோபோ ஒரு கூடத்தைச் சுத்தம் செய்வதைப் படம் பிடித்தார்கள். இறைந்து கிடந்த பொருள்களை அது எடுத்து வைத்தது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறந்து பாத்திரங்களை வெளியே எடுத்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அது எதையும் தானாகச் செய்யவில்லை. கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து அதன் கைகளை இயக்கிக்கொண்டிருந்தார். இதை அவர்கள் மறைக்கவில்லை. அதைக் காட்டுவதே அந்தப் படத்தின் நோக்கம். மனித மூளையைக் கொடுத்தால் இந்த இரும்பு உடல் ஒரு வீட்டைச் சுத்தம் செய்துவிடும், ஆகவே குறை உடலில் இல்லை என்பது அவர்கள் நிறுவியது. ரோபோ வரலாற்றில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு தெளிவாகவும் செய்த சோதனைகள் மிகச் சில என்பேன்.

அப்படியானால் மூளை ஏன் வரவில்லை? ஒவ்வோர் ஆய்வகமும் அதை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தது. ஒரு முனைவர் பட்ட மாணவர் ரோபோ கோப்பையைப் பற்றுவதைப் பற்றி ஆராய வந்தால், அதற்கு முன் சக்கரத்தை ஓட்ட ஒரு நிரல், கேமராவைப் படிக்க ஒரு நிரல், சுவரில் மோதாமல் நகர இன்னொரு நிரல் என்று எழுதியே ஆண்டுகளைக் கழிப்பார். அவர் பட்டம் பெற்றுப் போனதும் அந்த நிரல் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும். அடுத்தவர் மறுபடி சக்கரத்திலிருந்து தொடங்குவார். பகிரும் முயற்சிகள் அறவே இல்லாமல் இல்லை. பிரையன் கெர்க்கி முதலானோர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ‘பிளேயர்’ என்ற திறமூல நிரல் முன்பே இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ இங் நடத்திய ஸ்டேர் ரோபோத் திட்டத்துக்காக மோர்கன் குவிக்லி ‘ஸ்விட்ச்யார்டு’ என்ற ஒன்றை எழுதியிருந்தார். இவை சிறு ஓடைகள். அவற்றை ஆறாக்கப் பணமும் ஆட்களும் ஒரே கூரையின்கீழ் வேண்டியிருந்தன.

அந்தக் கூரையைக் கொடுத்தவர் ஸ்காட் ஹாசன். கூகுள் இன்னும் ஒரு பல்கலைக்கழக ஆய்வாக இருந்த நாளில் அதன் தேடல் நிரலை எழுதியவர்களில் ஒருவர். இ-குரூப்ஸ் நிறுவனத்தை 2000-இல் யாகூவுக்கு விற்றவர். மென்லோ பார்க்கில் 2006 இறுதியில் வில்லோ கராஜ் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, தன் சொந்தப் பணத்தில் நடத்தினார். வைரோபெக்கும் பெர்கரும் அங்கே போனார்கள். குவிக்லியின் அனுபவம் கைகொடுத்தது; கெர்க்கியும் வந்து சேர்ந்தார். 2007-இல் தொடங்கிய அந்த வேலைதான் ரோபோ இயங்குதளம், சுருக்கமாக ராஸ். அதன் அமைப்பு எளிது. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், கேமராவைப் படிப்பது, வழி தேடுவது, கையை நகர்த்துவது என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு நிரல். அவை ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட வடிவில் செய்தி அனுப்பிக்கொள்ளும். இதனால் ஜெர்மனியில் எழுதிய வழி தேடும் நிரலை ஜப்பானில் ஒருவர் தன் ரோபோவில் பொருத்த முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் கழற்றி வேறொன்றை வைக்க முடிந்தது. உரிமமாக பி.எஸ்.டி.யைத் தேர்ந்தார்கள். எடுப்பவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. நிறுவனங்கள் தயங்காமல் உள்ளே வரட்டும் என்பது கணக்கு. இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நிரலைப் பொதுவில் வைத்தால் போதாது, எல்லாரிடமும் ஒரே ரோபோ இருந்தால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்க முடியும் என்று வில்லோ கராஜ் கருதியது. அதற்காக உருவானது பி.ஆர்.2. 200 கிலோவுக்கு மேல் எடை, இரண்டு கைகள், ஒவ்வொரு கையிலும் ஏழு மூட்டு அசைவுகள். கையின் பாரத்தை உள்ளே இருக்கும் சுருள்வில்கள் தாங்கிக்கொள்வதால் மோட்டார்கள் சிறியவையாக இருக்கலாம். மனிதர் மேல் பட்டாலும் அடி பலமாக விழாது. 2009-இலேயே அது அலுவலகக் கதவுகளைத் தானாகத் திறந்து சென்று, சுவரில் மின் இணைப்பைத் தேடித் தன் செருகியைத் தானே மாட்டிக்கொண்டது. 2010 மே மாதம், 78 விண்ணப்பங்களிலிருந்து தேர்ந்த 11 ஆய்வுக் குழுக்களுக்கு ஆளுக்கொரு பி.ஆர்.2 இலவசமாகத் தரப்பட்டது. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, ஜார்ஜியா டெக், டோக்கியோ, மியூனிக், ஃப்ரைபர்க், லூவன் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றின் மொத்த மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல். ஒரே நிபந்தனை: செய்ததைத் திரும்பப் பொதுவில் வைக்க வேண்டும். உரிமம் கேட்காத ஒன்றை இந்தக் கொடை கேட்டு வாங்கியது.

பி.ஆர்.2-உம் ராஸும் சேர்ந்து எதைச் சாத்தியமாக்கின என்று பார்க்க ஒரு துண்டு போதும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பீட்டர் அபீலின் குழு பி.ஆர்.2-க்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தது. சிறு பிள்ளையும் செய்யும் வேலை. ரோபோவுக்கு அதுவரை யாராலும் உருப்படியாகச் சொல்லித்தர முடியாத வேலை. தொழிற்சாலை ரோபோ தொடும் இரும்புத் துண்டு எப்போதும் ஒரே வடிவில் இருக்கும். குவியலாகக் கிடக்கும் துணிக்கோ வடிவமே கிடையாது. ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் அது புதிதாகச் சுருண்டு கிடக்கும். ஆகவே ரோபோ குவியலிலிருந்து ஒரு துண்டைத் தூக்கித் தொங்கவிட்டு, மெல்லச் சுழற்றி, பல கோணங்களில் படம் எடுத்து, துணியின் விளிம்பு எங்கே சட்டென்று மடங்குகிறது என்று பார்த்து மூலையைக் கண்டுபிடித்தது. ஒரு மூலையைப் பிடித்தபின் அடுத்த மூலை. பிறகு மேசையில் விரித்து மடித்து, மேலே தட்டி நீவியும் விட்டது. இதற்குமுன் பார்த்திராத துண்டுகளைக் கொடுத்தபோதும் 50 முறையில் 50-ம் சரி. ஒரு துண்டுக்குச் சராசரியாக 24 நிமிடத்துக்கு மேல். வெளியிட்ட படத்தை 50 மடங்கு வேகமாக்கி ஓட்டினார்கள். இல்லாவிட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பது? கேலி செய்தவர்கள் அந்த 24 நிமிடத்தைப் பார்த்தார்கள். அந்தக் குழுவால், ரோபோவின் கையை ஓட்டவும் கேமராவைச் சீரமைக்கவும் தனியாக நிரல் எழுதாமல் நேராகத் துணியின் மூலைக்குப் போக முடிந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதே ஆண்டுகளில் மியூனிக்கில் மிகேல் பீட்ஸின் குழு, மனிதர்கள் படிப்பதற்காக இணையத்தில் எழுதிய செய்முறையை வாசித்துத் தட்டையான பான்கேக் சுடும் அளவுக்குத் தன் ரோபோக்களைக் கொண்டுபோனது. 11 இடங்களில் ஒரே ரோபோ, ஒரே நிரல். ஓரிடத்தில் கற்றதை மற்றோர் இடத்தில் மீண்டும் கற்க வேண்டியதில்லை.

இன்னொரு சான்று, அளவில் சிறியது; என் பார்வையில் இதுவே கனமானது. ஹென்றி எவன்ஸ் என்பவர் 40 வயதில் மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கிக் கழுத்துக்குக் கீழே அசைவும் பேச்சும் இழந்தவர். ஜார்ஜியா டெக்கின் சார்லி கெம்ப் பி.ஆர்.2-ஐ விளக்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியை 2010-இல் பார்த்துவிட்டு, அவருக்கும் வில்லோ கராஜுக்கும் எழுதினார். தலையசைவைக் கொண்டு கணினியின் சுட்டியை நகர்த்த அவரால் முடிந்தது. அதைக் கொண்டு ரோபோவின் கையை இயக்கும் திரையை ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். அந்தக் கையால் அவர் தன் முகத்தைத் தானே சொறிந்துகொண்டார், தாடியை மழித்துக்கொண்டார். பத்தாண்டுகளாகப் பிறர் உதவியின்றி அவரால் செய்ய முடியாதிருந்தவை அவை. இங்கே ரோபோ தானாக இயங்கவும் இல்லை, வேகமாகவும் இல்லை. ஆனால் உள்ளே கைவைத்து மாற்ற முடிந்த ரோபோவாக இருந்ததால்தான் ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு தேவைக்காக அதை மாற்றியமைக்க முடிந்தது. பல்லாயிரம் பேருக்கு ஒரே மாதிரி விற்கக் கட்டிய மூடிய பொருளில் இதற்கு இடம் இருந்திருக்காது. வீட்டு வேலை வீட்டுக்கு வீடு மாறும். நோயாளியும் முதியவரும் உள்ள வீட்டில் அது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆனால் பி.ஆர்.2-இன் விலை 4 லட்சம் டாலர். திறமூலத்துக்குப் பங்களித்தவர்களுக்குத் தள்ளுபடி போக 2 லட்சத்து 80 ஆயிரம். நிரல் பொதுவில் இருந்தது; உடலின் வரைபடம் இல்லை. இந்த இடத்தில்தான் முதல் தேக்கம் வந்தது. விலையை உடைத்த முதல் சம்மட்டி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுக் கருவிக்காகக் கினெக்ட் என்ற கேமராவை 150 டாலருக்கு வெளியிட்டது. எதிரே இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் அது சொல்லும். அதே வேலைக்கு ஆய்வகங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து லேசர் கருவி வாங்கிக்கொண்டிருந்தன. வெளியார் அறிவித்த பரிசு ஒன்றுக்காகத் தன்னார்வலர் ஒருவர் சில நாளிலேயே அதைச் சாதாரணக் கணினியில் இயக்கும் நிரலை எழுதிப் பொதுவில் வைத்தார். முதலில் முகம் சுளித்த மைக்ரோசாஃப்ட் பிறகு இணங்கிப்போனது. அதே மாதத்தில் வில்லோ கராஜின் மெலனி வைஸும் டல்லி ஃபுட்டும், தூசி உறிஞ்சும் பகுதி நீக்கிய ரூம்பாவான ‘கிரியேட்’டின் மேல் கினெக்டைப் பொருத்தி டர்டில்பாட்டை உருவாக்கினார்கள். கை இல்லாத சிறு ரோபோதான். ஆனால் கல்லூரி மாணவர் ஒருவர் மேசையருகே வைத்து ராஸ் கற்க அது போதுமானதாக இருந்தது. இன்று இந்தத் துறையில் இருப்பவர்களில் ஒரு தலைமுறையே அதில் பழகி வந்தது.

கை வைத்த உடல் மலிவாக மேலும் பத்தாண்டு பிடித்தது. இலவச பி.ஆர்.2 பெற்ற ஜார்ஜியா டெக்கின் அதே சார்லி கெம்ப், ஏரன் எட்சிங்கரோடு சேர்ந்து 2017-இல் ஹெலோ ரோபாட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் ஸ்ட்ரெட்ச் ரோபோ 2020-இல் 17,950 டாலருக்கு வந்தது. எடை 23 கிலோ. மனிதக் கையைப் போல் பல மூட்டுகளை வைக்காமல், ஒரு கம்பத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கும், உள்ளிருந்து நீண்டு வெளிவரும் ஒரே கை. வீட்டில் தரையிலிருந்தோ மேசையிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக் கொடுக்க இவ்வளவு போதும் என்று பத்தாண்டு பி.ஆர்.2 ஆய்வு அவர்களுக்குக் காட்டியிருந்தது. அதை இயக்கும் நிரல் பொதுவில் உள்ளது. ஹென்றி எவன்ஸ் பின்னர் தன் வீட்டில் இதையும் வைத்துப் பயன்படுத்திப் பார்த்தார்.

இதுவரை சொன்னதற்கு எதிராக நியாயமான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: இது திறமூலத்தின் வெற்றி அல்ல, ஒரு செல்வந்தரின் பணப்பையின் வெற்றி. பை மூடியதும் கடையும் மூடியது. உண்மைதான். வில்லோ கராஜ் 2013-இல் கலையத் தொடங்கியது; பி.ஆர்.2-இன் பராமரிப்பு 2014 தொடக்கத்தில் கனடாவின் க்ளியர்பாத் நிறுவனத்திடம் போனது. ஆனால் நிறுவனம் போன பிறகு எது நின்றது, எது விழுந்தது என்று பார்க்க வேண்டும். பொதுவில் இருந்த ராஸ் விழவில்லை. அதைக் காக்க 2012-இலேயே தனி அறக்கட்டளை அமைந்திருந்தது. 2017-இல் ராஸ்-2 வந்தது. அந்த அறக்கட்டளையின் வணிகப் பிரிவை 2022 டிசம்பரில் ஆல்ஃபபெட்டின் இன்ட்ரின்சிக் வாங்கியபோதும் நிரல் பொதுவிலேயே இருந்தது. விழுந்தது மூடிய பக்கம். வில்லோவிலிருந்து பிரிந்த அன்பவுண்டட் ரோபாட்டிக்ஸ், 35,000 டாலருக்கு ஒற்றைக்கை ரோபோ ஒன்றை 2013-இல் அறிவித்தது. தாய் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் சிக்கலால் முதலீடு திரட்ட முடியாமல் அடுத்த ஆண்டே மூடியது. பி.ஆர்.2-இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் வந்திருக்க வேண்டிய கை அது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: வீட்டுக்காக எழுதியது எல்லாம் கிடங்குக்குத்தானே போனது? ஆமாம். வில்லோவின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீவ் கசின்ஸ் தொடங்கிய சவியோக், ஓட்டல் அறைக்குப் பல்துலக்கியும் துண்டும் கொண்டுபோகும் ரோபோ செய்தது. மெலனி வைஸின் ஃபெட்ச் ரோபாட்டிக்ஸ் கிடங்குகளுக்குப் போனது. 2021-இல் ஸீப்ரா நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்கக் கட்டாயப்படுத்தாத உரிமத்தின் விலை என்று மேலே சொன்னது இதைத்தான். எடுத்தவர்கள் பணம் புரளும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் மூடிய பாதையில் போனவர்கள் வீட்டை எட்டிவிட்டார்களா? 2014-இல் மக்களிடம் முன்பணம் திரட்டிய ஜீபோவுக்குப் பேசவும் ஆடவும் மட்டுமே தெரிந்தது. அதன் விலை 899 டாலர். அதன் சேவையகங்கள் அணையப் போவதாக 2019-இல் ரோபோவே வாங்கியவர்களிடம் அறிவித்தது. பாஷ் நிறுவனத்தின் ஆதரவில் வந்த கூரி, முன்பதிவு செய்த பலர் கைக்குப் போகும் முன்பே 2018-இல் நின்றது. குழந்தைகளுக்கான மாக்ஸியைச் செய்த நிறுவனம் 2024 டிசம்பரில் பணமின்றி மூடியபோது, ரோபோவை வீட்டுக் கணினியிலேயே இயக்கும் நிரலைக் கடைசி நேரத்தில் பொதுவில் வைத்தது. அதைப் பிழைக்க வைத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் விற்ற ரூம்பாவின் ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. தனக்கு உற்பத்தி செய்து கொடுத்துவந்த சீன நிறுவனத்தின் கைக்குப் போவதாக அப்போது அறிவித்தது. நிறுவனம் நீடிக்காது என்பது இந்தத் தொழிலில் விதிவிலக்கு அல்ல, வழக்கம். பொருளோ வாங்கியவர் வீட்டில் நிறுவனத்தைவிடக் கூடுதல் காலம் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. எவரும் திருத்தக்கூடிய நிரலோடு கை வைத்த இயந்திரம் ஒன்றைப் படுக்கையறையில் விடலாமா என்பார்கள். கேள்வி சரி, மூடி வைப்பது அதற்குப் பதிலாகாது. வளர்ச்சி நிலையில் இருந்த ஒரு ரூம்பா 2020-இல் எடுத்த படங்கள், கழிப்பறையில் இருந்த பெண்ணின் படம் உட்பட, அவற்றுக்குக் குறிப்பெழுதும் கூலிவேலைக்காரர்கள் வழியே வெளியே கசிந்ததை எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ 2022-இல் வெளிப்படுத்தியது. 2024-இல் அமெரிக்க நகரங்களில் சில வீடுகளில் ஈகோவாக்ஸ் ரோபோக்களை யாரோ கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே இனவெறி வசைகளைக் கத்தினார்கள். இரண்டும் மூடிய பொருள்கள்தான். பூட்டின் அமைப்பைத் தயாரிப்பவர் மட்டும் அறிந்திருப்பது பாதுகாப்பு அல்ல. வெளியாள் சோதிக்க முடிந்தால்தான் ஓட்டை தெரியவரும்.

இனி மூன்றாம் கட்டம். 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டிலிருந்தே மற்றொரு படம் வந்தது. மொபைல் அலோஹா என்ற இரட்டைக்கை ரோபோ இறால் வறுத்தது, சட்டியை அலசியது, சிந்தியதைத் துடைத்தது. செலவு 32,000 டாலர். வரைபடம், உதிரிப் பட்டியல், நிரல் எல்லாம் பொதுவில். உடலும் திறந்தாயிற்று. அந்தக் காட்சிகளில் பலவற்றில் பின்னாலிருந்து இயக்கியது மனிதர்தான். ரோபோ தவறவிட்டு உடைத்த காட்சிகளையும் ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். பி.ஆர்.1 காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நிரல் எழுதும் முறையில் இருக்கிறது. துண்டின் மூலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது யாரும் விதி எழுதுவதில்லை. மனிதர் ரோபோவின் கையை இயக்கி ஒரு வேலையை 50 முறை செய்து காட்டுகிறார். அந்தப் பதிவிலிருந்து ரோபோ கற்கிறது. இங்கே ஒரு கண்டுபிடிப்பு என் வாதத்துக்கு நேராக வருகிறது. மேசையில் பொருத்திய, நகரவே தெரியாத பழைய அலோஹாவின் பதிவுகளைச் சேர்த்துப் பயிற்றியபோது நகரும் ரோபோவின் வெற்றி விகிதம் சில வேலைகளில் 90 விழுக்காடு வரை கூடியது. வேறொரு ரோபோ வேறொரு வேலையில் பட்ட பாடு இதற்கு உதவியிருக்கிறது. 2023-இல் 21 நிறுவனங்கள் 22 வகை ரோபோக்களின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அசைவுப் பதிவுகளை ஒன்றுசேர்த்த ‘ஓப்பன் எக்ஸ் எம்பாடிமென்ட்’ தொகுப்பும் இதையே பெரிய அளவில் காட்டியது. எல்லாரின் தரவிலும் பயின்ற நிரல், தங்கள் தரவை மட்டும் கொண்டு தனித்தனி ஆய்வகங்கள் உருவாக்கிய முறைகளைவிடச் சராசரியாக 50 விழுக்காடு கூடுதல் வெற்றி பெற்றது.

ஆக, 2007-இல் நிரல் நின்ற இடத்தில் இன்று தரவு நிற்கிறது. அதைத் திரட்டுவது முடியாத காரியமல்ல என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லெரல் பிண்டோவின் குழு 2023-இல் காட்டியது. கீழே விழுந்ததைக் குனியாமல் எடுக்கும் 25 டாலர் இடுக்கியில் ஓர் ஐபோனைப் பொருத்தி 22 வீடுகளில் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் கதவு திறந்தார்கள், இழுப்பறை மூடினார்கள். மொத்தம் 13 மணி நேரப் பதிவு. அதில் பயின்ற ஸ்ட்ரெட்ச் ரோபோ, புதிய வீட்டில் ஐந்து நிமிடம் செய்து காட்டினால் 15 நிமிடத்தில் பழகிக்கொண்டது. பத்து வீடுகளில் 109 வேலைகளில் 81 விழுக்காடு வெற்றி. பதிவுகள், நிரல், இடுக்கியின் வரைபடம் அனைத்தும் பொதுவில். அந்தரங்கம் என்ன ஆவது என்று இங்கே கேட்பது மிகச் சரி. ஆனால் இந்த முறையில் கேமரா பார்ப்பது இடுக்கியின் முனையைத்தான், வீட்டில் இருப்பவர் முகத்தை அல்ல. எதைப் பதிவு செய்வது, எதை விடுவது என்பதும் இடுக்கியைப் பிடித்தவர் கையில். ஒப்புதலோடு, தெரிந்தே கொடுத்த தரவு இது. மேலே சொன்ன கழிப்பறைப் படத்தோடு இதை ஒன்றாக எண்ண முடியாது.

பெரும்பணம் போகும் திசை வேறு. பிசிக்கல் இன்டெலிஜென்ஸ் நிறுவனம் துணி மடிக்கும் தன் நிரலை, பயின்று முடித்த நிலையில், 2025 பிப்ரவரியில் பொதுவில் வைத்தது. நல்ல காரியம். ஆனால் அது பயின்ற 10,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் நிறுவனம் தானே திரட்டியவை வெளிவரவில்லை. 2025 அக்டோபரில் 20,000 டாலருக்கு முன்பதிவு தொடங்கிய ஒன்-எக்ஸ் நிறுவனத்தின் நியோ ரோபோ, தனக்குத் தெரியாத வேலை வந்தால் தொலைவிலிருந்து மனிதர் ஒருவர் வீட்டுக்குள் பார்த்து இயக்கும் ஏற்பாட்டோடு வருகிறது. அப்படி இயக்கியது நிறுவனத்தின் பாடமாகிறது. இந்த வரலாறு தமிழ்நாட்டையும் தொட்டுவிட்டது. துண்டும் விரிப்பும் நெய்து உலகுக்கு அனுப்பும் கரூரில், நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு நாள் முழுதும் கைத்துண்டு மடிப்பது ஒரு சம்பள வேலையாகியிருப்பதை 2025-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது. எந்தக் கை எப்போது நீள்கிறது, எங்கே மடிக்கிறது என்று ஒவ்வொரு பதிவும் குறிக்கப்பட்டு அமெரிக்க வாடிக்கையாளருக்குப் போகிறது. 2010-இல் பெர்க்லி துண்டு மடித்ததும், எப்படி மடித்தது என்பதை எவரும் எடுத்து ஆள முடிந்தது. கரூரின் கைகள் மடிப்பது வாங்கியவரின் சொத்து.

காசு போட்டுத் திரட்டியவர் அதை ஏன் சும்மா தர வேண்டும் என்பது நேர்மையான கேள்வி. அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 2007-இல் நிரலுக்கு நேர்ந்தது போல, பல்கலைக்கழகங்களும் அரசின் பணத்தில் நடக்கும் ஆய்வுகளும் வீட்டு வேலைத் தரவைத் தங்களுக்குள் பகிரத் தொடங்கினால், தனியார் தொகுப்புகள் பொருட்டில்லாமல் போகும். நியூயார்க்கின் 22 வீடுகளில் திரட்டிய தரவு, தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. அந்த வீடுகளின் தரவை அந்த ஊர்க்காரர்கள்தான் திரட்ட முடியும். அதற்கு 25 டாலர் இடுக்கியும் ஒரு கைபேசியும் போதும். இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் ரோபோ ஆய்வகங்கள் எடுத்துச் செய்யக்கூடிய முதல் வேலை இது. 2010-இல் 11 ரோபோக்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கு யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.